டோக்கன் இல்லாத நோயாளி

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்குக் கூட யாரும் அவ்வளவு பயப்பட மாட்டார்கள். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குத்தான் பயப்படுவார்கள். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு மாத்திரையம்மா என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிற ஆபீசுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. கோபம் என்றால் அப்படி இப்படிக் கோபம் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அதுவும் அவளோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கோபப்படாமல் வேறு யாராவது ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். உள்ளே டாக்டர் ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்காமல் எழுதித் தள்ளிவிடுவார். அவரிடம் கேட்க வாய் வராத கேள்வியெல்லாம் மென்று முழுங்கி வைத்திருந்து, இந்த ஜன்னலுக்கு வந்துதான் கொட்டுவார்கள்.

"அம்மா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. கவர் மேல வட்டம் போட்டுக் கொடுத்திருக்கேன், பாருங்க."

"பின்னாடின்னா எவ்வளவு பின்னாடி?"

"சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போடுங்க. நல்ல நேரமெல்லாம் பார்க்க வேண்டாம்."

அவர் நகர்ந்தால் அடுத்தவர். "போன மாசம் வெள்ளையா இருந்துச்சு, இப்ப மஞ்சளா இருக்கே, ஏதாவது மாத்திட்டீங்களா?" கம்பெனி வேறு, உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்ப்பாள். "பக்கத்து வீட்டுக்காரிக்கும் முட்டி வலிதான். அவ மாத்திரையை வாங்கிப் போட்டேன், எனக்கு நல்லா கேக்குது. அதையே குடுங்களேன்."

"அவங்க மூக்குக் கண்ணாடியையும் வாங்கி மாட்டிக்குங்க. ஏன், அதை மட்டும் விட்டுட்டீங்க?"

உப்பைச் சுத்தமாக நிறுத்திவிட்டதாகச் சத்தியம் செய்கிற ஆளின் சட்டைப் பையிலிருந்து சிப்ஸ் பாக்கெட் எட்டிப் பார்க்கும். கடைக்குப் போய்விட்டு வருவது நடைப்பயிற்சியில் சேருமா என்று ஒருத்தி கேட்பாள். வழியில் நின்று கதை பேசுகிற நேரத்தைக் கழித்துவிட்டுச் சேர்த்துக்கொள் என்று இவள் சொல்லுவாள். பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஒருவர் இளித்துக்கொண்டு நிற்பார். "குடை பிடிச்சிருக்கீங்க, அதனால நனையலை. நனையலைன்னதும் மழை நின்னுடுச்சுன்னு குடையை மடக்கிடுவீங்களா?" என்று ஒரு போடு போட்டால், ஆமாம்ல என்று தலையைச் சொறிந்துகொண்டு போவார்.

ஆனால் எல்லாவற்றையும்விட அவளுக்குத் தலைக்கு ஏறுகிற கேள்வி ஒன்று உண்டு. "ஒரு வேளை மறந்துட்டேம்மா. அடுத்த வேளைக்கு ரெண்டா போட்டுக்கட்டுமா?"

"கூடவே கூடாது! விட்டது விட்டதுதான். கொஞ்ச நேரத்துல ஞாபகம் வந்தா அப்பவே போடுங்க. அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா அதை மட்டும் போடுங்க. இதென்ன பஸ்ஸா, விட்டதைத் துரத்திப் பிடிக்க? மயங்கி விழுந்தா யார் பதில் சொல்றது?" இந்தச் சத்தம் வெராண்டா முழுக்கக் கேட்கும். உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருக்கிற நர்ஸ் கூடச் சிரித்துவிடுவாள்.

இவ்வளவு திட்டு வாங்கியும் ஜனங்கள் பக்கத்து ஜன்னலுக்குப் போக மாட்டார்கள். ஏனென்றால் பதில் சொல்லாமல் அவள் யாரையும் அனுப்பியதில்லை. காது கேட்காத கிழவர் ஒருவர் புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டுப் போனால், "ஐயா, இங்க வாங்க, என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்று கூப்பிட்டுவைத்து மறுபடியும் தொண்டை கிழியக் கத்துவாள். திட்டும் உண்டு, மருந்தும் உண்டு. அதுதான் அந்த ஜன்னலின் வழக்கம்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தொண்டையில் சத்தம் இருக்காது, தலை மட்டும் பறை அடிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொள்வாள். அந்த நேரத்தில் வீட்டில் மாத்திரை என்ற சொல்லை யாரும் எடுக்கக் கூடாது. கல்லூரிக்குப் போகிற மகள் தலைவலி வந்தால் கூட அம்மாவிடம் சொல்லாமல் அலமாரியைத் துழாவுவாள். வீட்டுக்காரர் இருக்கிற இடமே தெரியாது.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சாதுவான மனுஷன். ரோட்டில் குறுக்கே வந்து விழுகிறவனைக் கூட, "பார்த்து வாப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஊரில் இருக்கிற டிரைவர்களின் வசவையெல்லாம் இவர் பெண்டாட்டி குத்தகைக்கு எடுத்துவிட்டாள், அதனால்தான் இவருக்கு மிச்சமில்லை என்று டெப்போவில் கேலி பேசுவார்கள். அவருக்குப் பிரஷர் வந்தது, கூடவே கால் வீங்கியது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு பிரஷர் மாத்திரை ஒன்றும் நீர் மாத்திரை ஒன்றும் எழுதினார். உடம்பில் தேங்குகிற தண்ணீரைச் சிறுநீராக வெளியே தள்ளுகிற மாத்திரை அது. இரண்டும் காலையில்.

ஒரே தடவைதான் அவர் டாக்டர் முன்னால் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவருக்கு டோக்கன் கிடையாது, வரிசை கிடையாது. மாத்திரை தீர்ந்ததும் மாத்திரையம்மா டாக்டர் ரூம் கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டுவாள்.

"டாக்டர், நம்ம வீட்டுக்காரருக்கு அதேதானே?"

"எப்படி இருக்கார்?" தலையைத் தூக்காமல் கேட்பார்.

"நல்லா இருக்கார் டாக்டர்."

"அப்ப அதையே குடுங்க."

முடிந்தது வைத்தியம். விடியற்காலையில் வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான். இவ்வளவு கத்திக் கத்தி உழைக்கிறவளுக்கு இந்தச் சலுகை கூட இல்லை என்றால் எப்படி?

தினமும் காலையில் இரண்டு மாத்திரையையும் அவளே பிரித்து அவர் உள்ளங்கையில் வைப்பாள். ஒன்றை அவள் எதிரிலேயே முழுங்குவார். இன்னொன்றை, "ஸ்டாண்டுல டீ குடிச்சுட்டுப் போட்டுக்கறேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவளுக்கும் ஷட்டரைத் தூக்குகிற அவசரம். வார லீவில் மட்டும் சாயங்காலம் உட்காரவைத்து பிரஷர் பார்ப்பாள். பார்க்கும்போதெல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரிச் சரியாக இருக்கும். "பார்த்தீங்களா, ஒழுங்கா போட்டா எப்படி இருக்கு!" என்று அவளே மெச்சிக்கொள்வாள்.

லீவு நாளில் மனுஷன் பாத்ரூமை விட்டு வெளியே வர மாட்டார். இப்போதுதான் வந்தாரே என்று பார்த்தால் மறுபடி உள்ளே இருப்பார். "அப்பாவுக்கு பஸ்ஸுக்குத்தான் லீவு, பாத்ரூமுக்கு டூட்டி" என்று மகள் சொல்ல, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அப்படி ஒரு லீவு நாளில், வெயில் ஏறத் தொடங்கிய காலையில், பாத்ரூம் வாசலில் தொப்பென்று சத்தம் கேட்டது. மாத்திரையம்மா ஓடி வந்து பார்த்தால் மனுஷன் கதவுக்கும் வாளிக்கும் நடுவில் சுருண்டு கிடக்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், உடனே மூடுகிறார். மகள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் தாங்கி, வண்டி பிடித்து, இவள் வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டார்கள்.

பிரஷர் பாதாளத்தில் இருந்தது. டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் அவசரமாக சலைன் ஏற்றச் சொன்னார். ரத்தத்தில் உப்பெல்லாம் கன்னாபின்னாவென்று இறங்கியிருக்கிறது, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார். நர்ஸ் பாட்டிலை மாட்டிவிட்டு, "என்ன மாத்திரை போட்டார்க்கா?" என்று கேட்டாள்.

"எப்பவும் போடறதுதான். என் கையாலதானே குடுக்கறேன்."

கட்டிலில் இருந்தவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "அந்த நீர் மாத்திரை..." என்றார் மெதுவாக. "டூட்டி நாள்ல போடறதில்லைம்மா. சேர்த்து வெச்சு லீவுல போட்டுடுவேன்."

"சேர்த்து வெச்சா?"

"வாரம் பூரா விட்டதை. ஒண்ணு காலைல, கொஞ்ச நேரம் விட்டு ஒண்ணு, அப்புறம் ஒண்ணு... இந்த வாரம் கால் ரொம்ப வீங்கிடுச்சு. அதான் மொத்தத்தையும் ஒரேயடியா போட்டேன். டூட்டி பாக்கி வெச்சா லீவுல வந்து ஓட்டிக் கழிக்கறோம்ல, அந்த மாதிரி..."

வார்டில் அப்புறம் நடந்ததை அங்கே படுத்திருந்த நோயாளிகள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தவர்கள் கூட முனகலை நிறுத்திவிட்டார்கள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? மாத்திரை என்ன ஓவர்டைமா, கணக்குத் தீர்க்க? ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் அடிச்சுக்கறேனே, சேர்த்துப் போடாதே, சேர்த்துப் போடாதேன்னு! எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூடக் கேட்டுக்கிட்டுப் போறாங்க. என் வீட்டுக்குள்ளயே உட்கார்ந்துகிட்டு, என் கையால வாங்கிக்கிட்டு, எனக்கே தண்ணி காட்டியிருக்கீங்களே! லீவுக்கு லீவு பிரஷர் பார்த்துட்டு நான் வேற மெச்சிக்கிட்டேன், முட்டாள் மாதிரி! போய்ச் சேர்ந்திருந்தா? வண்டி ஓட்டும்போது விழுந்திருந்தா? பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்க கதி?"

"அக்கா, மெதுவா" என்று நர்ஸ் தோளைப் பிடித்தாள். பிடித்த கையை உதறிவிட்டாள்.

"டூட்டில ஏன் போடலை? அதைச் சொல்லுங்க முதல்ல!"

அவர் மகளைப் பார்த்தார். மகள் புரிந்துகொண்டு, தண்ணீர் வாங்கி வருவதாக வெளியே போனாள். அப்புறம்தான் சொன்னார். அவர் ஓட்டுகிற ரூட் நீளமானது. நடுவில் எங்கும் இறங்க முடியாது. ஒரு முனையில் வெறும் ரோடு, இன்னொரு முனையில் பஸ் நிலையம். அங்கே ஒரு கக்கூஸ் இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கும். சாவி டைம் கீப்பரிடம். பஸ் வருகிற போகிற நேரத்தைக் குறிக்கிறவர் அவர். ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும்தான் அது, டிரைவர் கண்டக்டருக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். நீர் மாத்திரை போட்ட புதிதில் இவர் ஒரு நாள் தாங்க முடியாமல், பஸ் நிறைய ஆட்களோடு ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஒரு சுவர்ப் பக்கம் ஓடியிருக்கிறார். ஜன்னல் வழியாக எவனோ போனில் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டான். மேலே புகார் போயிற்று. ஆபீசில் நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"சின்னச் சின்னப் பசங்க முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டாங்கம்மா. வெட்கம் பிடுங்கித் தின்னுடுச்சு. அன்னைக்கு நிறுத்தினதுதான். டூட்டில தண்ணி கூடக் குடிக்கறதில்லை."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகைத் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம், அத்தனையும் ஆத்திரம். தன் புருஷனை ஒரு சுவர் ஓரத்தில் நிற்கவைத்து ஊர் சிரித்திருக்கிறது, அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

"பெரிய டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "காலைல வருவார். வயித்துப்போக்குன்னு சொல்லிடலாம். மாத்திரையால மயங்கினேன்னு எழுதிட்டார்னா என்னை ஸ்டியரிங்கை விட்டு இறக்கிடுவாங்க. ஷெட்டுல வண்டி கழுவ விட்டுடுவாங்கம்மா."

அவள் கையை உருவிக்கொண்டாள். மகளை உட்காரவைத்துவிட்டு நேராக பஸ் நிலையத்துக்குப் போனாள்.

டைம் கீப்பர் தகரக் கூண்டுக்குள் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கால் நின்றது. அவரும் அவள் ஜன்னல் ஆள்தான். மாசா மாசம் திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்.

"அடடே, மாத்திரையம்மா! வாங்க வாங்க, உட்காருங்க."

"உட்கார வரலை. சாவியைக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"இடுப்புல தொங்குதே, அந்தச் சாவி. கக்கூஸ் சாவி."

"அது வந்தும்மா, ஆபீஸ் ஸ்டாஃபுக்குன்னு மேல சொல்லியிருக்காங்க. இவங்களுக்குத் திறந்து விட்டா அசிங்கம் பண்ணிடறாங்க, அப்புறம் கழுவ ஆள் இல்லை..."

"அப்ப பஸ் ஓட்டறவன் ஸ்டாஃப் இல்லையா? ஆகாசத்துலேர்ந்து வந்து ஓட்டிட்டுப் போறானா? உட்கார்ந்து நேரம் குறிக்கறவங்களுக்கு மட்டும்தான் மூத்திரம் வருமா? மத்தவங்க அடக்கிக்கிட்டே ஊரைச் சுத்தணுமா? என் வீட்டுக்காரர் அங்க பாட்டில் ஏத்திக்கிட்டுக் கிடக்கறாரு. ஏன் தெரியுமா? இந்தச் சாவியாலதான்! மேல யாரு சொன்னாங்க? கூப்பிடுங்க அந்த மேலாளை, நானே கேக்கறேன். இல்லை, அடுத்த மாசம் மாத்திரைக்கு என் ஜன்னலுக்குத்தானே வரணும்? வாங்க, அப்பப் பார்த்துக்கலாம்!"

மாத்திரை கொடுக்க மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டாள். ஆனால் அது அவருக்குத் தெரியாதே. அதற்குள் நாலா பக்கத்திலிருந்தும் டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். ஒரு பெண் கண்டக்டர், "நல்லாக் கேளுங்கக்கா, நாங்க மட்டும் என்ன மரமா?" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். டைம் கீப்பர் சுற்றும் முற்றும் பார்த்தார், இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார், சாவியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "யாருக்கு வேணாலும் எடுத்துக்குங்க. அங்க ஆணியில மாட்டிடுங்க. எனக்கெதுக்கு பொல்லாப்பு."

ஜெயித்துவிட்டோம் என்று அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவர் விடவில்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டார், பாவம்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அவருக்கும் நீர் மாத்திரைதானா? எனக்கும் அதுதானே. முன்னாடி காலைல போட்டுட்டு, வர்ற வழியெல்லாம் உயிர் போய் உயிர் வந்துச்சு. உங்ககிட்ட வந்து சொன்னேன். 'அதுக்காக நிறுத்திடாதீங்க, நேரத்தை மாத்திக்கலாம், டாக்டரைக் கேக்கலாம் வாங்க'ன்னு நீங்களேதானே உள்ள கூட்டிட்டுப் போனீங்க? அவரும் சரின்னாரு. இப்ப டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போய், மத்தியானம் சாப்பிட்டுப் போடறேன். ஒரு தொந்தரவும் இல்லை. உங்க வீட்டுக்காரருக்கும் அப்படியே மாத்திக் குடுத்திருக்கலாமே? அவரும் காலை ஷிப்டுதானே?"

கூட்டத்தில் எவனோ கிளுக்கென்று சிரித்தான். மாத்திரையம்மா விறுவிறுவென்று வெளியே வந்தாள். பஸ் ஏறவும் மறந்துபோய், பாதி தூரம் நடந்தே வந்தாள். டைம் கீப்பர் மேல் எரிந்தது, சிரித்தவன் மேல் எரிந்தது. எல்லாவற்றையும்விட வீட்டுக்காரர் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு சுலபமான ஒரு விஷயம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே! வாய்க்குள் என்ன பூட்டா போட்டிருந்தது?

வார்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக் கூட ஓரமாக விடவில்லை.

"கண்டவனெல்லாம் வந்து என்கிட்ட கேட்டுக்கிட்டுப் போறான். உங்களுக்குக் கேக்க வாயில்லையா? 'மத்தியானம் போட்டா ஆகாதா'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டேன்."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சலைன் குழாய் இழுத்துக்கொண்டு ஆடியது.

"கேட்டேன்டி! நீ வீட்டுக்குள்ள வந்ததும் கேட்டேன். 'அங்கதான் நாள் பூரா இந்தப் பாட்டுன்னா வீட்லயுமா? எழுதினதை முழுங்குங்க'ன்னு கத்தின. சரி, களைப்புன்னு விட்டேன். மறுபடி ஒரு நாள் கேட்டேன். 'கேள்வி கேக்கறதுன்னா வரிசையில வந்து நில்லுங்க'ன்ன. வந்தேன்! உன் ஜன்னல் வரிசையில வந்து நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு கிழவிக்கு எவ்வளவு பொறுமையா சொன்ன தெரியுமா? அடுத்தது நான்தான்னு நின்னேன். என்னைப் பார்த்ததும், 'நீங்க இங்க என்ன பண்றீங்க? மாத்திரை நான்தான் கொண்டு வரேனே, வீட்டுக்குப் போங்க, கூட்டத்தை அடைக்காதீங்க'ன்னு அத்தனை பேர் முன்னாடியும் விரட்டிட்ட. இன்னும் யார்கிட்டப் போய்க் கேக்கச் சொல்ற? டாக்டர் கதவைத் தொட்டா, 'உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போயிட்டாங்களே'ன்னு வாசல்லயே மடக்கறாங்க!"

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை, சத்தம் உயர்த்தியதும் இல்லை. மகள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மாத்திரையம்மாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வரிசையில் காக்கிச் சட்டையோடு நின்றதும், விரட்டியதும், அவர் தலையைக் குனிந்துகொண்டு போனதும். கூட்டத்தில் கஷ்டப்படாமல் போகட்டும் என்று நல்லது செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் நர்ஸ், சின்ன டாக்டர். காலை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். கட்டிலின் கால்மாட்டில் மாத்திரையம்மா நின்றிருந்தாள். வயிற்றுப்போக்கு என்று சொல்வாரா, மாட்டாரா என்று அவளுக்குத் தெரியாது. அவர் சொன்னால் ஆமாம் போடுவதா என்றும் தெரியாது. ஆமாம் போட்டால் ஸ்டியரிங் தப்பிக்கும், அடுத்த லீவில் மனுஷன் எழுந்திருப்பாரா என்பதற்கு யார் ஜவாப்தாரி?

"நீர் மாத்திரை தினமும் போடறீங்களா?" என்றார் டாக்டர்.

அவர் தலையணையை விட்டு நிமிர்ந்தார். "இல்லை டாக்டர். டூட்டி நாள்ல விட்டுட்டு, லீவுல சேர்த்துப் போட்டேன். வழியில ஒதுங்க இடமில்லை. அதான்." ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சொல்லிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டருக்கும் கோபம் வந்தது. "உயிரோட விளையாடியிருக்கீங்க! பிரஷரும் உப்பும் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது. சரியானதும் பார்த்துட்டு நானே சர்டிபிகேட் எழுதறேன். இனிமே மாத்திரையை டூட்டி முடிஞ்சு மத்தியானம் போடுங்க, ராத்திரிக்குத் தள்ளாதீங்க. இவ்வளவுதான் விஷயம்! இதை யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஏன் கேக்கலை?"

மாத்திரையம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நேற்று வார்டே கேட்கக் கத்தியவர் இன்றைக்கு அவள் மேலதிகாரி முன்னால் சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான், நன்றாக வேண்டும் எனக்கு என்று காத்திருந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "கேக்கணும்னு தோணலை டாக்டர்" என்றார். "என் தப்புதான்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"பொய் சொல்லாதீங்க!" என்று கத்தினாள். டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். "கேட்டார் டாக்டர். என்கிட்டதான் கேட்டார். வீட்ல கேட்டார், வரிசையில வந்து நின்னும் கேக்கப் பார்த்தார். நான்தான் வாயைத் திறக்க விடாம விரட்டிட்டேன். மாசா மாசம் உங்க கதவுல தலையை நீட்டி, நல்லா இருக்கார் நல்லா இருக்கார்னு நான்தான் சொன்னேன். இவரை ஒரு நாள் உட்கார வெச்சுக் கேட்டதில்லை."

"விடும்மா" என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"விட மாட்டேன்! நீங்க சும்மா இருங்க!"

டாக்டர் ரிப்போர்ட்டை மூடினார். ஜன்னலில் அவள் கத்துகிற கத்தலை தன் அறையிலிருந்தே தினமும் கேட்கிறவர் அவர். "ஏம்மா" என்றார், "மத்தியானம் போடலாம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் டாக்டர்" என்றாள் மாத்திரையம்மா. "ஊருக்கெல்லாம் சொன்னேன்."